சட்டம் வந்த வெள்ளிக்கிழமையும் நோ டியூ படிவமும்: ஒரு எச்.ஆர். அணி தயாரான கதை

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அன்றைக்கே அமலுக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு, அவற்றுக்குள் அடங்கிப்போன பழைய மத்தியச் சட்டங்கள் 29. அடுத்த நிதியாண்டிலிருந்து, அடுத்த மாதத்திலிருந்து என்றெல்லாம் அவகாசம் இல்லை. காலையில் ஒரு சட்டம், மாலையில் வேறு சட்டம்.

இந்த ஆய்வில் வரும் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு ஆலை. பெயர் வேண்டாம், சொன்னால் சிலருக்குச் சங்கடம். சொந்தத் தொழிலாளர்கள் 300க்குக் கொஞ்சம் கீழே, அது போகக் கான்ட்ராக்ட் ஆட்கள், அலுவலக ஊழியர்கள். எச்.ஆர்., அதாவது மனிதவளத் துறையின் தலைவர் ஒரு பெண், அவருக்குக் கீழே இரண்டு எக்சிகியூட்டிவ்கள், வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸ் ஒருவர், சம்பளக் கணக்கைப் பார்க்கும் பேரோல் ஒருவர். நான் வெளியிலிருந்து அவர்களுடைய பேரோல் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பவன், அதனால் இதில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை அவர்கள் சொல்லிக் கேட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் தூங்கிக்கொண்டிருந்த அணி அல்ல. ஊதியத் தொகுப்பு 2019லேயே நிறைவேறியது, மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில். 2021 ஏப்ரல் 1 முதல் அமல் என்று பேச்சு வந்தபோது இவர்கள் கருத்தரங்குக்குப் போனார்கள், வக்கீலைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், எக்செல்லில் புதிய சம்பளக் கட்டமைப்பு போட்டு நிர்வாகத்திடம் காட்டினார்கள். பிறகு அது தள்ளிப்போனது. 2022இல் மறுபடி ஒரு தேதி காதில் விழுந்தது, அதுவும் போனது. புலி வருது புலி வருது என்று நான்கு வருடம் கேட்டவனுக்கு ஐந்தாவது வருடம் என்ன தோன்றும்? அந்த எக்செல் கோப்பு 'லேபர் கோட் ஃபைனல் 3' என்ற பெயரில் யாரோ ஒருவருடைய கணினியில் கிடந்தது, அந்த யாரோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஆக, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஐந்து பேரும் நன்றாகவே பதில் சொல்வார்கள். அந்தச் சட்டம் தங்கள் ஆலையில் எந்தப் படிவத்தில், எந்தக் கையெழுத்தில், பேரோல் மென்பொருளின் எந்தக் கட்டத்தில் வந்து மோதும் என்றால் யாருக்கும் தெரியாது. மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முதல் அடி: இரண்டு வேலை நாள்

அமலுக்கு வந்த அடுத்த வாரம் மெஷின் ஷாப்பில் ஒரு ஆபரேட்டருக்குக் கடைசி நாள், நவம்பர் 28. மாதத்துக்கு முன்பே ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்து முடித்தவர். செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு வந்து நின்றார்.

"மேடம், ரெண்டு நாள்ல செட்டில்மென்ட் தரணும்னு சட்டமே வந்துடுச்சாமே, எனக்கு எப்ப வரும்?"

"உங்க நோ டியூ இன்னும் ஸ்டோர்ஸ்லேருந்து வரலியே தம்பி."

"ஸ்டோர்ஸ் அண்ணன் லீவு மேடம். அதுக்கு நான் என்ன பண்றது?"

நோ டியூ என்பது, போகிறவரிடம் பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு துறையும் கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ஒருவரை நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், அவரே ராஜினாமா செய்தாலும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இந்த இரண்டு நாள் உண்டு. ஆனால் முதலாளி வேலையை விட்டு எடுத்தால்தான். தானாகப் போகிறவரும் இப்போது உள்ளே வந்திருக்கிறார், அதுதான் மாற்றம். எந்த ஆலையிலும் வெளியே போகிறவர்களில் பெரும்பாலானோர் தானாகப் போகிறவர்கள்தான். விடுப்புக்கான பணத்துக்கோ, தானாக விலகினாலும் இரண்டாம் வேலை நாளுக்குள் என்பது 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. அதையும் இந்த ஆலை உட்பட நான் பார்த்த பல இடங்களில் யாரும் பின்பற்றியதில்லை, கேட்க ஆளில்லாததால் ஓடிக்கொண்டிருந்தது.

இவர்களுடைய நியமனக் கடிதத்திலேயே '45 நாட்களுக்குள் இறுதிக் கணக்கு' என்று அச்சடித்திருந்தார்கள். 45 ஏன்? யாரும் யோசித்து வைத்த எண் அல்ல. கடைசி நாள் மாத நடுவில் வரும், அட்டெண்டன்ஸ் கட்-ஆஃப் 20ஆம் தேதி, அதற்குப் பிறகு போனால் அடுத்த மாதச் சம்பளத்தோடு, நோ டியூ தாமதமானால் அதற்கும் அடுத்த மாதம். அப்படியே கூட்டிப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிட்டார்கள்.

நான் அந்த நோ டியூ படிவத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் தாள், கார்பன் வைத்து எழுதுவது. ஸ்டோர்ஸ், டூல் ரூம், கேண்டீன், ஐடி, செக்யூரிட்டி, லாக்கர் சாவி, கூட்டுறவு சிக்கன சங்கம், துறைத் தலைவர், கடைசியாக எச்.ஆர். என்று வரிசையாகக் கையெழுத்துக் கட்டங்கள். ஒருவர் போட்டால்தான் அடுத்தவர் போடுவார். கடைசி நாளன்று காலையில் போகிறவர் கையிலேயே தாளைக் கொடுத்து 'போய் வாங்கிக்கிட்டு வாங்க' என்பார்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் யார் பெயரில் இருக்கிறது என்று தேடுவதற்கே அரை நாள் ஆகும். சட்டத்தின் கெடு தொடங்கும் நேரத்தில்தான் இந்த அணியின் வேலையே தொடங்குகிறது.

சரி, என்ன மாற்றினார்கள்? ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட அன்றே நோ டியூ தொடங்கும். எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போகும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு எந்தத் துறை பதில் சொல்லவில்லையோ அந்தத் துறைக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி விதிக்கு ஸ்டோர்ஸ் மேலாளர் பயங்கரமாக எதிர்ப்பு தெரிவித்தார். 'பொருள் போனால் யார் பொறுப்பு?' நியாயமான கேள்வி. ஆனால் பொருளுக்காகச் சம்பளத்தை முழுசாக நிறுத்தி வைக்க முடியாது, பிடித்தமே ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று அதே தொகுப்பில் இருக்கிறது என்று எச்.ஆர். தலைவர் பதில் சொன்னார். பிறகு இருவரும் பேசி, கையில் வைத்திருக்கும் கருவிகளின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்று முடித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் நடந்த உருப்படியான காரியங்களில் முதலிடம் இதற்குத்தான். சட்டத்தில் ஸ்டோர்ஸ் என்ற வார்த்தையே கிடையாது.

நோ டியூ சரியானதும் அடுத்த அடைப்பு நிதித் துறையில் தெரிந்தது. சம்பளம் மாதம் ஒருமுறைதான் வங்கிக்குப் போகும், இரண்டு பேர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதில் ஒருவர் அடிக்கடி வெளியூரில். ஒரே ஒரு ஆளுக்காக நடு மாதத்தில் பேரோல் ஓட்டுவதா என்று முகம் சுளித்தார்கள். வருமான வரிப் பிடித்தத்தைத் தனியாகக் கணக்கிடவேண்டும், பாக்கி ஓவர்டைமுக்கு சூப்பர்வைசர் ஒப்புதல் வரவேண்டும். ஓவர்டைம் ஒப்புதலை மாதக் கடைசியிலிருந்து வாரக் கடைசிக்கு மாற்றினார்கள். வெளியூர் போகிறவருக்கு மாற்றாக இன்னொரு கையெழுத்தாளரைச் சேர்த்தார்கள். பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, இதில் சேர்க்கவில்லை. அதற்குச் சட்டம் 30 நாள் தருகிறது, அதனால் இறுதிக் கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பு கிராஜுவிட்டிக்காகக் காத்திருந்து சம்பளமும் சேர்ந்தே நின்றுகொண்டிருந்தது.

'பேசிக் பாதி' என்ற மந்திரம்

ஊதியத்தின் புதிய வரையறை பற்றி எல்லாரும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்: பேசிக் 50 சதவீதம் ஆக்க வேண்டும். இவர்களுடைய 2021 எக்செல்லும் அதையே செய்திருந்தது. தொகுப்பைத் திறந்து படித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. சம்பளம், படி என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது ஊதியம், சில இனங்கள் மட்டும் விலக்கு. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், கமிஷன், சட்டப்படியான போனஸ், முதலாளியின் பிஎஃப் பங்கு, இப்படி ஒரு பட்டியல். அந்த விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மறுபடி ஊதியத்தில் சேரும். ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயரே அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு கணக்கு பார்க்கலாம். மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவர். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000, வீட்டு வாடகைப் படி 10,000, போக்குவரத்து 4,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 12,000. பழைய வழக்கப்படி கிராஜுவிட்டிக்கு அடிப்படை 14,000, 'பேசிக் பாதி' கணக்கில் 20,000. சட்டத்தின் வாசகப்படி விலக்கு 14,000 மட்டும்தான், அது பாதியைத் தாண்டவில்லை, ஆக ஊதியம் 26,000. கிராஜுவிட்டி ஒரு வருடத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வகுத்து. முதல் கணக்கில் வருடத்துக்கு 8,077 ரூபாய், இரண்டாவதில் 11,538, மூன்றாவதில் 15,000. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு 80,769க்கும் 1,50,000க்கும் உள்ள தூரம். கடைசி ஊதியத்தை வைத்துக் கணக்கிடுவதால் பழைய வருடங்களுக்கும் சேர்த்துத்தான் உயரும்.

நிதித் துறைத் தலைவர் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை இது எச்.ஆர். சமாச்சாரம். பெரிய ஐடி நிறுவனங்கள் 2025 டிசம்பர் காலாண்டு முடிவில் இதற்கென்றே ஒருமுறைச் செலவு காட்டியதைப் பார்த்ததும் (டிசிஎஸ் 2,128 கோடி, இன்ஃபோசிஸ் 1,289 கோடி) இங்கேயும் கணக்குப் போடச் சொன்னார். எச்.ஆர். தலைவர் இதே கோரிக்கையை முன்பே வைத்திருந்தார் என்பதை அவருக்காகச் சொல்லிவைக்கிறேன். எச்.ஆர். சொன்னால் செலவு, நாளிதழ் சொன்னால் இடர் மேலாண்மை, அப்படித்தான் போகிறது உலகம்.

தொழிலாளர்கள் கேட்டது ஒரே கேள்வி: கைக்கு வருவது குறையுமா? இதற்கு 'பொதுவாகக் குறையாது' என்று பொதுப்படையாகப் பதில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பேரோல் பையன் நல்ல வேலை செய்தான். மேலே சொன்ன 14,000 பேசிக்காரருக்கு பிஎஃப் பிடித்தம் 12 சதவீதம், 1,680 ரூபாய். ஊதியம் 26,000 ஆனாலும் சட்டப்படியான உச்சவரம்பு 15,000இலேயே நிறுத்தினால் பிடித்தம் 1,800. வித்தியாசம் 120 ரூபாய். அந்த 120ஐ அவரவர் பே ஸ்லிப்போடு ஒரு தாளாக அச்சடித்துக் கொடுத்தான், இடது பக்கம் போன மாதம், வலது பக்கம் இந்த மாதம். கேண்டீனில் இரண்டு நாள் பேச்சு ஓடியது, அப்புறம் அடங்கிவிட்டது. ஸ்பெஷல் அலவன்ஸ் பிஎஃப் கணக்கில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லியிருப்பதால், இந்த 120 ரூபாய்க்குப் பழி முழுவதும் புதிய தொகுப்பின் மேல் போவதும் சரியில்லை.

ஃபிக்ஸட் டேர்ம் ஆசை

நிர்வாகத்துக்குப் புதிய சட்டத்தில் பிடித்த ஒரே விஷயம் குறித்த காலப் பணி நியமனம். மூன்று வருடத்துக்கு ஆள் எடுக்கலாம், முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்படி எடுத்தவருக்கும் நிரந்தரத் தொழிலாளியின் அதே சம்பளம், அதே சலுகை, ஒரு வருடம் முடித்தாலே வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பக் கிராஜுவிட்டி என்பதை எச்.ஆர். சொன்னதுமே ஆசை கொஞ்சம் இறங்கியது. மிச்சத்தை வக்கீல் இறக்கினார். தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் இருக்கிறது, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. ரத்தான 29 பட்டியலில் இருப்பவை மத்தியச் சட்டங்கள், இது மாநிலச் சட்டம், அப்படியே நிற்கிறது. இரண்டும் எங்கே உரசும் என்று நீதிமன்றம் சொல்வதற்கு நாம் ஏன் முதல் வழக்காகப் போகவேண்டும் என்று அவர் கேட்டார். திட்டம் நின்றது.

வெளிமாநிலத் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தயாரிப்புப் பட்டியல்களில் இந்த மாதிரி விஷயம் இருக்கவே இருக்காது. பண்டிகை விடுமுறைச் சட்டம், இடைநீக்கத்தில் இருப்பவருக்கான பிழைப்பூதியச் சட்டம், கடைகள் நிறுவனங்கள் சட்டம் என்று இங்கே தனியாக ஓடுபவை ஒரு கட்டு உண்டு. தொழிலாளர் விவகாரம், மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் வருவது, தனியார் ஆலைகளுக்குப் பெரும்பாலும் மாநில அரசின் விதிகள்தான் பொருந்தும். அதனால் மத்திய வரைவு விதிகளைப் பார்த்து அப்படியே படிவம் அச்சடிப்பது அவசரக்குடுக்கைத்தனம்.

இதோடு சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் வதந்தியும் அணியின் நேரத்தைத் தின்றது: ஒரு வருடம் வேலை பார்த்தால் எல்லாருக்கும் கிராஜுவிட்டி. இல்லை. ஒரு வருடம் என்பது குறித்த காலப் பணியாளருக்கு, நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடம் மாறவில்லை. ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் பத்து நிமிடக் கூட்டத்தில் சூப்பர்வைசர்களே இதைச் சொல்லும்படி செய்தார்கள். சூப்பர்வைசருக்கே முதலில் சந்தேகம், அவரைத் தெளிவாக்கிய பிறகுதான் மற்றவர்கள்.

இனிஷியல் பஞ்சாயத்து

நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம். கேட்கும்போது சுலபம், ஒரு மெயில் மெர்ஜ் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். இருபது வருடத்துக்கு முன்பு சேர்ந்தவர்களிடம் கடிதமே இல்லை. சேர்ந்த தேதி மஸ்டர் ரோலில் ஒன்று, பிஎஃப் கணக்கில் ஒன்று. அதைவிட, பெயர். ஆலைப் பதிவேட்டில் 'எம். முருகன்', ஆதாரில் 'முருகன் மாரிமுத்து', பிஎஃப் கணக்கில் 'முருகன் எம்', வங்கியில் வெறும் 'முருகன்'. நம் ஊரில் அப்பா பெயர் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும், படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கும். கடிதம் கொடுக்கப் போய், தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திட்டுப் பெயர் திருத்தும் இணை உறுதிமொழிப் படிவங்கள் மேசையில் குவிந்தன. டைம் ஆபீஸ்காரர்தான் இதை முடித்தார், ஷிப்ட் முடியும் நேரத்தில் பஞ்ச் மெஷின் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, ஆதாரைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொருவராக. ஆலோசகர்கள் விற்கும் எந்த மென்பொருளாலும் முடியாத வேலை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். குறைதீர்க்கும் குழு, 20 தொழிலாளர் இருந்தால் வேண்டும், இரு தரப்பும் சமமாக, பெண்களும் இருக்கவேண்டும். ஏற்கனவே இருந்த குழுவை மாற்றி அமைத்தார்கள். பெண்களை மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலையில் போட அவர்கள் சம்மதம் வேண்டும். இவர்களிடம் பெண்களுக்கு இரவு ஷிப்ட் இல்லை, பேச்சு அங்கேயே நின்றது. வருடாந்திர விடுப்புக்குத் தகுதி 240 நாளிலிருந்து 180 ஆகக் குறைந்ததை மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றிச் செய்தாகிவிட்டது. நிலையாணைகளுக்கான, அதாவது ஆலையின் வேலை, ஒழுங்கு விதிகளுக்கான தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு 300 என்று உயர்ந்ததால் தேவையில்லை என்று நிர்வாகம் சொன்னது. சங்கத்தோடு பேசி வைத்த பழைய நிலையாணைகளைத் தூக்கி எறிந்தால் ஒவ்வொரு ஒழுங்கு நடவடிக்கையும் சண்டையாகும் என்று எச்.ஆர். தலைவர் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இன்னும் முடியாதது

பேக்கிங் லைன். அங்கே வருடக்கணக்கில் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். புதிய தொகுப்பு மையப் பணிகளில், அதாவது நிறுவனம் எதற்காக நடக்கிறதோ அந்த வேலைகளில், கான்ட்ராக்ட் தொழிலாளர்களைத் தடுக்கிறது. துப்புரவு, காவல், கேண்டீன், சரக்கு ஏற்றி இறக்குவது, தோட்டம் போன்றவை மையப் பணி அல்ல என்று சட்டமே பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டது. பேக்கிங் அதில் இல்லை. பாகம் டப்பாவில் போகாமல் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனுக்குப் போகாது, அப்படியென்றால் அது மையம். ஆனால் அந்த வேலை வழக்கமாகவே கான்ட்ராக்டர் மூலம் நடப்பதாகக் காட்டினால் விலக்கு கேட்கலாம், திடீரென்று வேலை கூடும்போதும் ஆள் போட்டுக்கொள்ளலாம். நிர்வாகம் விலக்குக்கான வாதத்தை எழுதித் தரச் சொல்கிறது. எச்.ஆர். தலைவர் வேறொரு தாளைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்: அந்த லைனில் இருப்பவர்களில் எத்தனை பேர் 480 நாளைத் தாண்டிவிட்டார்கள், அவர்களை எடுத்துக்கொண்டால் மாதம் எவ்வளவு கூடும், எடுக்காவிட்டால் எந்தச் சட்டத்தில் கேள்வி வரும். கான்ட்ராக்டரிடம் இருக்கும் வருகைப் பதிவேடுகளை வாங்குவதில் வேலை நிற்கிறது. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார். இப்போது அந்தப் பதிவேடு வந்தால்தான் மாதாந்திர பில்லுக்குக் கையெழுத்து என்று நிதித் துறையே சொல்லியிருக்கிறது.